வர்ணம் பார்க்கும் படலம்

“இந்த இஞ்சின்ல என் பேரைப் போடணும் அண்ணாச்சி.”

காத்தாயி இதைக் கேட்டபோது அவள் கையில் ஒரு வால்வு இருந்தது. பட்டறை முதலாளி இசக்கிமுத்து அண்ணாச்சியின் கையில் பாதி கடித்த பாசி வடை இருந்தது. அவர் மீதியைக் கடிக்கவில்லை.

எதை வேண்டுமானாலும் கேள், பேரை மட்டும் கேட்காதே என்று பட்டறையில் சேர்ந்த அன்றே அவளிடம் சொல்லியிருந்தார்கள். முதலில் சொன்னவர் அண்ணாச்சி. பிறகு, தகடு தட்டி நெளிவெடுக்கும் டிங்கரிங் வேலாயுதம். வீட்டுக்குப் போனால் அம்மா. அவள், ஊரையே மூடி நிற்கும் மாடத்தின் காற்றுப்பூட்டு அறைகளில் செம்புழுதி கூட்டுகிறவள். “நம்ம வம்சத்துலயே நீதான் பட்டம் வாங்கிருக்கே. அதைக் கொண்டுபோய் வாயால கெடுத்துராத” என்பதுதான் வேலை கிடைத்த அன்று அவள் தந்த ஆசீர்வாதம். காத்தாயி இரண்டு வருடம் வாயைக் கட்டினாள். அதற்குமேல் முடியவில்லை.

செவ்வாய்க் கோளின் தென்பாதியில் இருக்கும் பொருநை மாடத்தில் மொத்தம் முப்பத்தெட்டுக் கார்கள் உண்டு. எல்லாம் பூமியிலிருந்து கப்பலில் வந்த பழங்கார்கள். மாடத்துக்குள் சாலை கிடையாது, நடைபாதைதான். எனவே கார்கள் எங்கும் போவதில்லை. இஞ்சினைக் கிளப்புவதும் இல்லை. எட்டு நிமிடம் ஓடினால் ஒரு வீட்டின் ஒருநாள் மூச்சை அது குடித்துவிடும். ஆனாலும் பெரிய வீடு என்றால் வாசல் கூடத்தில் ஒரு கார் நிற்க வேண்டும், அதன் இஞ்சின் கடைசித் திருகாணி வரை சுத்தமாக இருக்க வேண்டும். ஓடாத வண்டிக்கு எதற்கு ஓடுகிற இஞ்சின் என்று கேட்டால், பேசாத சாமிக்கு எதற்குக் காது என்று திருப்பிக் கேட்பார்கள்.

சீரமைத்த ஒவ்வொரு இஞ்சினிலும் ஒரு பித்தளைத் தகடு பதிப்பது வழக்கம். அதில் ஒரே ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயருக்கு உரியவருக்குத்தான் ‘மீட்டுநர்’ உரிமம். உரிமம் உள்ளவர் தனியாகப் பட்டறை வைக்கலாம். காத்தாயி இதுவரை ஐந்து இஞ்சின்களை முடித்திருந்தாள். ஐந்து தகட்டிலும் இசக்கிமுத்து. அண்ணாச்சி ஸ்பேனரைத் தொட்டுப் பதினோரு வருடம் ஆகிறது.

“பேரா?” என்றார் அண்ணாச்சி, வடையை ஒரு வழியாக மென்று. “ஏட்டி, இது உலகம்மை அம்மா வண்டி. பாதி மாடத்துக்குத் தண்ணி அவங்க சுரங்கத்துப் பனிக்கட்டிலேருந்து வருது. அவங்க மனசு குளிர்ந்தா உன் பேரென்ன, உங்க அம்மா பேரையும் சேத்துப் போடுதேன்.”

“மனசு குளிர என்ன செய்யணும்?”

“கலர் முடிவாகணும். அம்புட்டுதான்.”

அம்புட்டுதான் என்றால் எவ்வளவு என்று காத்தாயிக்குத் தெரியும். இஞ்சின் தயாராகி ஆறு வாரம் ஆகிறது. கார நீரில் கொதிக்கவைத்து இருநூறு வருட எண்ணெய்ப் பிசுக்கை எடுத்திருந்தாள். சிவப்புச் சாயம் தடவி விரிசல் பார்த்திருந்தாள். சிலிண்டருக்கு போரிங் போட்டு, புது பிஸ்டன் செய்து, எட்டு வால்வுகளையும் அரைக்கும் பசை வைத்துக் கையால் தேய்த்து உட்காரவைத்திருந்தாள். வழவழப்பான இடங்களுக்கெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டி, மற்ற இடங்களில் வெப்பம் தாங்கும் கறுப்பு அடித்து முடித்தாயிற்று. இப்போது கையிலிருக்கும் உதிரி வால்வைத் தேய்ப்பதுகூடக் கோபத்துக்காகத்தான். வண்டிக்கூடு மட்டும் பட்டி பூசி, சாம்பல் நிற பிரைமர் அடித்த கோலத்தில், முட்டைக்கண் விளக்கு இல்லாத இரண்டு ஓட்டைகளால் விழித்துக்கொண்டு நின்றது. பிரைமரில் புழுதி படியும். படிந்தால் உப்புத்தாள் போட்டு மறுபடியும் தேய்க்க வேண்டும். மூன்று முறை தேய்த்தாகிவிட்டது.

நிறத்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். மாடத்தில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளின் விழியிலும் நாற்பதாம் நாள் ‘சமக்கண்’ பொருத்துவார்கள். மெல்லிய ஆடி அது, விழித்திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். வானவில்லைத் தடுக்காது. தக்காளி சிவப்பாகவும் கீரை பச்சையாகவும்தான் தெரியும். மனிதத் தோலைக் கண்டால் மட்டும் அதன் நிறத்தை அழித்து, எல்லோரையும் சந்தனத்துக்கும் சாம்பலுக்கும் நடுவிலான ஒரே நிறத்தில் காட்டும். பூமியில் நிறத்தால் பட்ட அவமானம் போதும் என்று குடியேறிய முதல் தலைமுறை இயற்றிய சட்டம். எண்பது ஆண்டாக அமலில் இருக்கிறது. எனவே மாடத்தில் யாருக்கும் யார் நிறமும் தெரியாது, தன் நிறமும் தெரியாது. ஆண்டுதோறும் நிறமறுப்பு நாளன்று பள்ளிக்கூடங்களில் இனிப்பு கொடுப்பார்கள். சென்ற ஆண்டு விழாவில் தலைமையேற்று, “நம்ம கண்ணுக்கு எல்லாரும் ஒண்ணு” என்று பேசி அழுதவர் உலகம்மை அம்மாள்.

அந்த உலகம்மை அம்மாள்தான் வர்ணம் பார்க்க ஏழாவது முறையாக வந்தார். மகன் கல்யாணத்துக்குள் வண்டி முடிய வேண்டும் என்பார். ஆனால் அவசரப்பட மாட்டார். ஒவ்வொரு முறையும் கூடவே ஒரு பெண்ணை அழைத்துவருவார். தோழியின் மகள், நாத்தனாருக்குத் தெரிந்தவள், கோயிலில் பார்த்தவள். அந்தப் பெண் முன்சக்கர மூடிமேல் உள்ளங்கையைக் கவிழ்த்து வைக்க வேண்டும். பக்கத்தில் நிற அட்டைகளை வரிசையாக அடுக்குவார்கள். பெயிண்ட் அடிக்கும் எந்திரமான தூரிகன் தன் நிறமானியைக் கொண்டுவந்து அழுத்திப் பார்த்து, ஒரு துண்டுச் சீட்டை அச்சிட்டுத் தரும். அண்ணாச்சி அதைப் படிக்காமல் நான்காக மடித்து, வெற்றிலைத் தட்டில் வைத்து உலகம்மை அம்மாளிடம் நீட்டுவார்.

“நல்ல கலரா அமையணும் அண்ணாச்சி. காலத்துக்கும் கண்ணு முன்னால நிக்கப் போறது.”

“அமையும் அம்மா. நம்ம கையில என்ன இருக்கு?”

பணக்காரக் கிறுக்கு என்று காத்தாயி நினைத்தாள். வண்டிமேல் சாயும் மருமகளின் கைக்கு எந்த பெயிண்ட் எடுப்பாக இருக்கும் என்று பார்க்கிறார்கள் போல. அவள் படித்த கல்லூரியில் பெயிண்டின் பசைத்தன்மை, உலரும் நேரம், வெப்ப எல்லை எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அன்று வந்தவள் பெயர் தங்கபுஷ்பம். வேளாண் மாடத்தில் நீர்ப்பயிர் பார்க்கிறவள். கையை வைத்து, எடுத்து, பெரியவர்கள் தேநீர் குடிக்க உள்ளே போனதும் காத்தாயியின் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அக்கா, எனக்கு என்ன நம்பர் வந்துச்சு?”

“உனக்கு எதுக்கு நம்பர்? அது பெயிண்டுக்கு.”

தங்கபுஷ்பம் அவளை மேலும் கீழும் பார்த்தாள். “நீங்க பி.இ. தானே அக்கா?”

“ஆமா. அதுக்கென்ன?”

“அதான்.” சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “எங்கம்மா மூணு வாரமா என் கையில கடலைமாவும் சோயாப் பாலும் பூசிட்டுக் கெடக்கா. பெயிண்டுக்காவா பூசுவா?”

காத்தாயி வால்வைக் கீழே வைத்தாள்.

பெரியவர்கள் போனபின் தூரிகனிடம் போனாள். தூரிகனுக்குச் சமக்கண் கிடையாது. உண்மை நிறம் தெரியாவிட்டால் பெயிண்ட் கலக்க முடியாது, எனவே சட்டம் எந்திரங்களை விட்டுவிட்டது. அதன் தமிழும் ஒரு தினுசாக இருக்கும். நிறங்களின் சாயல்களுக்குத் தமிழில் சொல் தேடியவர்கள் பூமியின் பழைய ஆவணங்களைத் துழாவியிருக்கிறார்கள். நிறத்தைத் தமிழர்கள் மிக நுணுக்கமாகத் தரம் பிரித்திருந்தது கவிதையிலும் அல்ல, ஓவிய நூலிலும் அல்ல. மணமகள் தேவை விளம்பரங்களில். அந்த விளம்பரங்களில் ஒன்று விடாமல் தூரிகனுக்குள் ஏற்றியிருந்தார்கள்.

“இப்ப வந்த சீட்டுல என்ன இருக்கு?”

“ஒளியெண் நூற்றுக்கு நாற்பத்து நான்கு. மாநிறம். குடும்பப் பாங்கானவர்.”

“வண்டிக்கு ஏது குடும்பம்?”

“அளந்தது வண்டியை அல்ல.”

“நான் வேலைக்கு வந்ததிலேருந்து எத்தனை வண்டிக்கு வர்ணம் பாத்துருக்கே?”

“பதினாறு.”

“எத்தனை கை?”

“நானூற்றுப் பன்னிரண்டு.”

“பெயிண்ட் அடிச்சது?”

“ஐந்து வண்டிகளுக்கு. மற்றவற்றுக்கு இன்னும் வரன் அமையவில்லை.”

ஐந்து வண்டி. அவளுடைய ஐந்து இஞ்சின். வண்டி முடிந்துவிட்டது என்று அண்ணாச்சி லட்டு கொடுத்த ஐந்து நாளும் எங்கோ ஒரு கல்யாணம் நிச்சயமான நாள். அவள் இரவு பகல் பாராமல் தேய்த்த வால்வுகள் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. வேண்டியிருந்தது, கையை வைக்கத் தோதாக ஒரு தகரம். மாடத்தில் எல்லோருக்கும் இது தெரியும். ‘வர்ணம் பார்க்கப் போகிறோம்’ என்றால் என்ன பொருள் என்று புழுதி கூட்டுகிறவர்களுக்குக்கூடத் தெரியும். புத்தகத்தில் இருப்பதை மட்டும் படித்தவளுக்குத்தான் தெரியவில்லை.

மறுநாள் உலகம்மை அம்மாள் எந்தப் பெண்ணும் இல்லாமல் தனியாக வந்தார். சேலையின் கரையில் உண்மையான பருத்தி. முகத்தில் வருத்தம்.

“அண்ணாச்சி, நேத்து வந்த பிள்ளையை எனக்கு ரொம்பப் பிடிச்சுருக்கு. குணம் தங்கம். ஆனா நாப்பத்திநாலுன்னு சீட்டு சொல்லுது. இந்த மிஷினு சரியாத்தான் காட்டுதா?”

“நேத்துக்கூட எண்ணெய் போட்டேன் அம்மா...”

“நான் ஒண்ணு கேக்கலாமா?” என்றாள் காத்தாயி.

“ஏட்டி, நீ போய் வேலையப் பாரு.”

“வேலையப் பத்தித்தான் கேக்கேன். அம்மா, சமக்கண் வச்ச பிறகு யாருக்கும் யார் நிறமும் தெரியாது. உங்க மகனுக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. நாளைக்கு ஊரே திரண்டு வந்து பாத்தாலும் எல்லாரும் ஒரே சாம்பல். பாக்கவே முடியாத ஒண்ணை வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறீங்க?”

உலகம்மை அம்மாள் கோபப்படவில்லை. குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். “பாக்கதுக்காம்மா? தெரிஞ்சுக்கத்தான். தெரிஞ்சா மனசுக்கு ஒரு நிம்மதி. நாளைக்குப் பேரன் பேத்தி பொறக்கணும்ல?”

“இது நிறம் பாக்கது இல்லையா?”

“சேச்சே! நாங்க எங்கம்மா பாக்கோம்? மிஷினுல்லா பாக்குது!”

“சட்டம் மனுசக் கண்ணுக்குத்தாம்ட்டி” என்று அண்ணாச்சி எடுத்துக்கொடுத்தார். “மிஷினுக்கு இல்ல. நான் வக்கீல்ட்டயே கேட்டுட்டேன்.”

காத்தாயிக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தியிருந்தால் வாய்த்துடுக்கு என்பார்கள், அத்தோடு விஷயம் முடிந்துவிடும். எனவே மிகப் பணிவாகச் சொன்னாள்.

“அம்மா சொல்லுத மாதிரி நிறமானி பிசகியிருக்கலாம். சரிபாக்கணும்னா, நிறம் நல்லாத் தெரிஞ்ச பொருள் ஒண்ணை அதுட்ட காட்டணும். இங்க அப்படி எதுவும் இல்ல.”

“ஏன் இல்ல?” என்றார் உலகம்மை அம்மாள். “என் கை இருக்குல்லா? எங்க வம்சமே எலுமிச்சம்பழக் கலரு. எங்க பாட்டனார் கப்பல்ல வரும்போது வெள்ளைக்காரன்னு நெனச்சு வேற வரிசையில நிறுத்திட்டாங்களாம்.”

இந்தக் கப்பல் கதையை மாடத்தில் ஏறக்குறைய எல்லாப் பெரிய வீடுகளும் சொல்வதுண்டு. அந்த வரிசையில் அத்தனை பேர் நின்றிருந்தால் கப்பல் கவிழ்ந்திருக்கும்.

அம்மாள் வளையல்களை மேலேற்றிவிட்டுச் சக்கர மூடிமேல் கையை வைத்தார். என்ன எண் வரும் என்று காத்தாயிக்குத் தெரியாது. தெரிந்து செய்த சூழ்ச்சி இல்லை அது. நானூற்றுப் பன்னிரண்டு பேரும் உணர்ந்த அந்தச் சில்லென்ற தகரம் இவர் உள்ளங்கையிலும் ஒருமுறை படட்டும் என்றுதான் நினைத்தாள்.

நிறமானி இறங்கியது. ‘டிக்’ என்றது.

“சத்தமாச் சொல்லு தூரிகா” என்றாள்.

“ஒளியெண் இருபத்தொன்பது” என்றது தூரிகன். “இஞ்சினுக்குப் பூசிய கறுப்பை அடுத்து, பட்டறையில் பதிவான மிக ஆழ்ந்த நிறம். கறுப்பு. ஆனால் களையானவர். பெண் வீட்டார் சற்றுக் கூடுதலாகச் செய்தால் இடம் அமையும்.”

வேலாயுதத்தின் சுத்தியல் நின்றுவிட்டது.

இருபத்தொன்பது ஒன்றும் கேவலமான எண் அல்ல. நன்றாகப் பழுத்த நாவல்பழத்துக்கும் அதே எண்தான், அதை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உலகம்மை அம்மாள் தன் கையைத் தகரத்திலிருந்து எடுத்து, முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சமக்கண் தன் கடமையைச் செய்தது. கை எப்போதும்போலச் சந்தனச் சாம்பலாகவே இருந்தது. இருந்தும் அதைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டார்.

“மிஷின் ரிப்பேர்” என்றார் அண்ணாச்சி.

“ரிப்பேர்தான்” என்றார் அம்மாள்.

“அப்ப நானூத்திப் பன்னிரண்டு சீட்டும் ரிப்பேரா அண்ணாச்சி?” என்றாள் காத்தாயி. “ஊரு பூரா சொல்லிரலாமா?”

அண்ணாச்சி அலுவலக அறைக்குள் ஓடினார். திரும்பி வரும்போது அவர் கையில் ஒரு பித்தளைத் தகடு, எழுத்துப் பொறித்து, நான்கு மூலையிலும் துளையிட்டு, இன்னும் சூடாக இருந்தது.

“இந்தாட்டி, நீ கேட்டது. உன் பேருதான். இப்பவே இஞ்சின்ல வச்சுத் திருகிரு. இங்க நடந்தது இங்கயே இருக்கட்டும். அந்தப் பதிவை மட்டும் மிஷின்லேருந்து அழிச்சிரு, என்ன?”

காத்தாயி தகட்டை வாங்கிப் படித்தாள். ‘மீட்டுநர்: காவ்யா’ என்று இருந்தது.

“இது யாரு?”

“நீதான்! காத்தாயின்னு போட்டா பெரிய வீட்டு வண்டிக்கு எடுப்பா இருக்குமா? கொஞ்சம் நல்லா இருக்கட்டுமேன்னு...”

“கொஞ்சம் கலரா.”

“அப்படித்தான்னு வச்சுக்கயேன்.”

அவள் தகட்டை பிரைமர் அடித்த மூடிமேல் வைத்தாள். கையுறைகளைக் கழற்றினாள்.

“வேண்டாம் அண்ணாச்சி. உரிம அலுவலகத்துல இன்னொரு தேர்வு இருக்கு. ஓட்டிக் காட்டுற தேர்வு. செத்த இஞ்சின் ஒண்ணை அதிகாரி முன்னால எட்டு நிமிசம் ஓட்டிக் காட்டுனா போதும், முதலாளி கையெழுத்து வேண்டாம். நாப்பது வருசமா யாரும் எழுதலையாம். இங்க வர்றதுக்கு முன்னாலயே காலைல மனு குடுத்துட்டேன். அங்க ஓடுதான்னுதான் கேப்பாங்க. கலர் கேக்க மாட்டாங்க.”

“எட்டு நிமிசக் காத்துக்கு எங்கட்டி போவே?”

“எங்கம்மா மூச்சைப் பிடிச்சுக்குவா. அவளுக்குப் பழக்கம்.”

அவள் கதவருகே வந்தபோது பின்னால் சேலை சரசரத்தது. உலகம்மை அம்மாள் அவசரமாக நடந்து வந்து, அண்ணாச்சிக்குக் கேட்காதபடி அவள் காதருகே குனிந்தார்.

“ஏம்மா... இந்த வண்டிக்கு அடிக்கிற பெயிண்டு, கைக்கும் அடிக்கலாமா?”

காத்தாயி அவரைப் பார்த்தாள். பார்க்க முடியாத நிறத்தின்மேல் பூச, யாருக்கும் தெரியப்போகாத நிறம் கேட்கிறார். விளையாட்டுக்குக் கேட்பவரின் முகமாக இல்லை அது.

“அடிக்கலாம் அம்மா. ஆனா நேரே அடிச்சா ஒட்டாது. முதல்ல பழசை எல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும். எம்பதாம் நம்பர்ல ஆரம்பிச்சு, நூத்தியிருபது, அப்புறம் எரநூறு. அடித்தகரம் தெரியுற வரைக்கும். அதுக்கப்புறம் பட்டி, பிரைமர், ரெண்டு கோட்டு பெயிண்டு. கடைசியா நூத்திநாப்பது டிகிரில ஒரு மணி நேரம் அடுப்புல வைக்கணும்.”

உலகம்மை அம்மாள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு பக்கத்து மேசையிலிருந்து ஒரு உப்புத்தாளை எடுத்து, சுட்டுவிரலால் அதன் சொரசொரப்பைத் தடவிப் பார்த்தார்.

“ரொம்ப வலிக்குமோ?”

காத்தாயி கதவைத் திறந்து வெளியே போய்விட்டாள்.